நெடுந்தீவுக் கரண்டை நாளைக்கு ஆர் திருத்துவினம்?

பலெர்மோவில் பொலிதேயாமா சதுக்கத்திலிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போகலாம். உஸ்திகா தீவுக்குக் கப்பல் அங்கிருந்துதான் புறப்படுகிறது. சிசிலியின் மின்கம்பி எட்டாத அந்தச் சின்னத் தீவு நெடுங்காலமாக டீசல் ஜெனரேட்டரை நம்பியே இருக்கிறது. அதனால் வரும் கூடுதல் செலவை இத்தாலியின் மின்பாவனையாளர்கள் எல்லோரும் பில்லில் பங்கிட்டுக் கட்டுகிறார்கள். இங்கே இருக்கிற நாங்களும் கட்டுகிறோம்.

எங்கட நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவின் கதையும் இதுதான். கரண்டுக்கும் டீசல், படகுக்கும் டீசல். 2022இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, டீசலை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்து எல்லோருக்கும் விளங்கியது.

மாற்றுத் திட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 2021 ஜனவரியில் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை கொடுக்கப்பட்டது. இந்தியா எதிர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் வேலை நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையாகச் செய்துதர உடன்பட்டது. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தமானது: சூரியசக்தி 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், 2,400 கிலோவாட் மணி பேட்டரி. கூடவே 2,500 கிலோவாட் டீசலும் கையிருப்பாக இருக்கும். அது சரியான முடிவுதான். வெயிலில்லாத மழைநாளில் காற்றும் விழுந்தால் வேறு வழியில்லை.

நாங்கள் இன்னும் 'சீனாவா, இந்தியாவா' என்றே வாதாடுகிறோம். பாதுகாப்புக் கவலை அரசுகளுக்கு இருக்கலாம். தீவுச் சனத்துக்கு வேறு கேள்வி இருக்கிறது: பழுதானால் ஆர் திருத்துவினம்?

நான் ஐடி வேலைக்காரன். ஒரு சிஸ்டத்தைத் தொடக்கிவைப்பது ஒரு நாள் வேலை. பத்து வருசம் ஓடவைப்பதுதான் கஷ்டம். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். பேட்டரியின் கொள்ளளவு வருசத்துக்கு வருசம் குறையும். ஒரு இன்வெர்ட்டர் பழுதானால் பாகமும் ஆளும் குறிகட்டுவானிலிருந்து படகேறி வரவேண்டும். ரிப்பன் வெட்டுகிற நாளில் இதை ஒருவரும் பேசமாட்டார்கள்.

ஆகவே நாம் கேட்கவேண்டியது இரண்டு. பராமரிப்பு எத்தனை வருசத்துக்கு, ஆர் பொறுப்பு, புதுப் பேட்டரிக்குக் காசு எங்கிருந்து வரும் என்பதைத் தீவுச் சனத்துக்குத் தமிழிலே சொல்லவேண்டும். இரண்டாவது, தீவுப் பிள்ளைகளுக்கே அந்தத் தொழிலைப் பழக்கவேண்டும்.

இரண்டாவதில் எங்களுக்கும் பங்குண்டு. ஊர்ச்சங்கங்கள் கோயில் மண்டபத்துக்கும் சோலார் தெருவிளக்குக்கும் காசு சேர்க்கின்றன, நல்லதுதான். இனி ஒவ்வொரு தீவிலும் இரண்டு பிள்ளைகளின் தொழில்நுட்பப் படிப்பையும் பொறுப்பெடுப்போம். முகம் தெரியாத உஸ்திகாவுக்கு மாதாமாதம் பில்லில் கட்டுகிற எங்களுக்கு, நெடுந்தீவுக்கு இதைச் செய்வது பெரிய பாரமில்லை.