ஐந்தாவது கியர் உங்க காசைத் திருப்பித் தருமா?

பழைய மாருதி ஜிப்ஸி வாங்கிட்டீங்க. 4 கியர் பாக்ஸ். ஹைவேல கொஞ்சம் வேகம் எடுத்தாலே இன்ஜின் கத்துது. "ஜிப்ஸி கிங்ல வர்ற 5 கியர் பாக்ஸை மாட்டிடலாம் சார், மைலேஜ்லயே காசு திரும்பிடும்"னு மெக்கானிக் சொல்றார். நீங்களும் பர்சனல் லோன் ஆப்பைத் திறக்குறீங்க.

ஒரு நிமிஷம், கணக்கு போட்டுடலாம்.

பாக்ஸ், கிளட்ச், மவுன்ட், டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போற ஷாஃப்ட், லேத் வேலை, கூலி எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். மைலேஜ் 10-லிருந்து 11 ஆகுது. வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். மிச்சம் 27 லிட்டர், அதாவது சுமார் 2,700 ரூபாய். போட்ட காசு திரும்ப 22 வருஷம் ஆகும்!

அதே தொகையை 14% வட்டியில 2 வருஷ லோனா எடுத்தா, மாசத் தவணை சுமார் 2,880. ஒரு வருஷ மிச்சம் ஒரு மாசத் தவணைக்கே பத்தலை.

அப்போ மாத்தவே கூடாதா? அப்படிச் சொல்லலை. ஆசைக்குச் செலவு பண்றது தப்பே இல்லை. அதை முதலீடுன்னு நம்பிக் கடன் வாங்குறதுதான் தப்பு. மாசம் 5,000 ஆர்.டி. போடுங்க. 12 மாசத்துல பணம் ரெடி.

வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஆர்.சி. விவரத்தோட முரண்படுற மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுக்குது, அதனால ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல தெரிவிச்சிடுங்க. மறைச்சா கிளெய்ம் நேரத்துல மாட்டிப்பீங்க.

ஒரு வருஷம் கழிச்சும் அந்த ஆசை இருந்தா, தாராளமா மாத்துங்க.