எதிரே வருகிறவனுக்கும் கண் இருக்கிறது



சென்ற வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. என் தம்பி மகன் பல வருடம் தேடி அலைந்து வாங்கிய பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார். பெயிண்ட் பளபளக்கிறது. முன் பம்பரில் புதிதாக இரண்டு பெரிய வட்ட விளக்குகள். "இனிமேல் கடலூர்ல இருந்து சிதம்பரத்துக்கு ராத்திரியிலயும் பறக்கலாம்" என்று கீழே எழுதியிருந்தான். அத்தைமார்கள் கைதட்டினார்கள். மாமாமார்கள் கட்டைவிரல் காட்டினார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலரும் "செம கெத்து" என்று போட்டிருந்தார்கள். நான் மட்டும் எதுவும் போடவில்லை. "பெரியப்பாவுக்குப் பொறாமை" என்று ஒரு பேச்சு அடிபட்டதாகக் கேள்வி. பொறாமை இல்லை கண்ணுங்களா. அந்தக் காரின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பாடம் நடத்தும்போது கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. இன்று மட்டும் வரிசையாகப் படியுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். பழைய காருக்குக் கூடுதல் விளக்கு மாட்டும் முன், இருக்கிற விளக்குக்குப் போகிற ஒயரைச் சரிசெய். அதன் பிறகும் வேண்டுமென்றால், எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்காதபடி மாட்டு. இரண்டும் முடியாதென்றால் கழற்றி வை.

முதலில் காரைப் பற்றி. இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டைத்தான் 1960-களில் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு, இந்த மூன்றை விட்டால் அன்றைக்கு நடுத்தரக் குடும்பத்துக்கு வேறு கார் ஏது? ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆகவே நம் பையன் "என் ஸ்போர்ட்ஸ் கார்" என்று பெருமை பேசுவதில் பாதி உண்மை இருக்கிறது.

அந்தக் காரின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் முன்பாகம் முழுவதும் முதலை வாயைத் திறப்பதுபோல் முன்பக்கமாகக் கவிழும். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் ஹெட்லைட்டுக்குப் போகிற ஒயர் மடங்கி நிமிர்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேலாக மடங்கி நிமிர்ந்த ஒயர் எந்த நிலையில் இருக்கும்? போதாக்குறைக்கு நம் கடலூர் உப்புக்காற்று. வீட்டு ஜன்னல் கம்பியையே அரித்துத் தின்கிற காற்று, காரின் எர்த் போல்ட்டை மட்டும் விட்டு வைக்குமா?

"பெரியப்பா, ஹெட்லைட் மங்கலா இருக்கு, அதனாலதான் எக்ஸ்ட்ரா லைட்" என்கிறான். சரி, ஒரு கேள்வி. வீட்டில் டார்ச் லைட் மங்கினால் என்ன செய்வோம்? பக்கத்தில் இன்னொரு டார்ச்சைச் சேர்த்துக் கட்டுவோமா, அல்லது மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கில் உள்ள துருவை உப்புத்தாளால் தேய்ப்போமா? நான் இன்ஜினீயர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தியவன். இதற்கு அந்தப் படிப்பே போதும்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண பல்புக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதம் குறையாது, ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். பேட்டரியில் 12 வோல்ட் இருக்கும். பழைய சுவிட்ச், நைந்த ஒயர், துருப்பிடித்த எர்த் மூன்றும் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிட்டால் பல்புக்கு 10.8 வோல்ட்தான் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே போய்விட்டது. அது உன் காரிலேயே இருக்கிற வெளிச்சம். அதை மீட்க விளக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒயரை மாற்றி, எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பேட்டரியிலிருந்து ஒரு ரிலே வழியாக ஹெட்லைட்டுக்கு நேராக மின்சாரம் கொடுத்தால் போதும். அதே பழைய விளக்கு கண் திறந்தது போல் எரியும்.

இதைச் செய்யாமல், ஹெட்லைட் ஒயரையே நடுவில் சீவி, புது விளக்கின் ஒயரை அதில் முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றுகிறார்கள். நம் பையன் வண்டியிலும் அதுதான் நடந்திருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். சில நூறு ரூபாய் ரிலேவைப் பார்த்து "அதெல்லாம் வேண்டாம்ணே, சும்மா கொடுத்து விடுங்க" என்று சொல்வது பெரும்பாலும் நாம்தான்.

சும்மா கொடுத்தால் என்ன ஆகும்? 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 110 வாட். 12-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் வெறும் 0.1 ஓம் மின்தடை இருந்தால்கூட அந்த ஒரே புள்ளியில் 8 வாட் சூடு உண்டாகும். சிறிய சாலிடரிங் அயர்ன் 25 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கு சூடு, பெட்ரோல் பம்ப்பும் கார்புரேட்டரும் இருக்கிற இடத்தில், டேப்புக்குள் உட்கார்ந்து வெந்துகொண்டிருக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. ஃபியூஸ் இல்லாத இடத்தில் ஒயரே ஃபியூஸாக மாறும். ஒயர் எரிந்தால் அதோடு நிற்குமா?

டைனமோவையும் மறக்க வேண்டாம். இன்றைய கார்களில் ஆல்டர்னேட்டர். அன்றைய வண்டியில் இருந்த டைனமோ நன்றாக ஓடும்போதே 20 ஆம்பியரை ஒட்டித்தான் கொடுக்கும். ஹை பீமுக்கு 10, இக்னிஷனுக்கு 3 அல்லது 4, பின் விளக்குக்கும் மற்றதுக்கும் 2, புது விளக்குக்கு 9. கூட்டிப் பாருங்கள், வரவை மிஞ்சிய செலவு. பேட்டரி என்ற சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்துக்கொண்டே போய், புதுச்சத்திரம் தாண்டி எங்கோ ஓரிடத்தில் எல்லா விளக்கும் மங்கி, வண்டியும் இருமி இருமி நின்றால், அந்த இருட்டில் உனக்குப் பின்னால் வருவது மணல் லாரியா, தனியார் பஸ்ஸா என்று யாருக்குத் தெரியும்?

இதுவரை சொன்னது உன் வண்டிக்கும் உன் உயிருக்கும். எனக்குக் கோபம் வருவது இனிமேல் சொல்லப்போகும் விஷயத்தில்தான்.

கடலூர் சிதம்பரம் சாலையில் ராத்திரி யார் யார் போகிறார்கள்? டி.வி.எஸ். ஃபிஃப்டியில் பால் கேன் கட்டியவர். விடிகாலையில் மீன் கூடையோடு வண்டிக்கு நிற்கும் அம்மா. சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து சைக்கிள் மிதிப்பவர். மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்கு நடப்பவர்கள். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்குக் கூட்டம் கூட்டமாக நடப்பவர்கள். இவர்களில் எவரிடமும் உன் விளக்குக்குப் பதில் சொல்ல விளக்கு கிடையாது. கையை உயர்த்திக் கண்ணை மறைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

நான்கு வழிச் சாலை வந்துவிட்டதே, நடுவில் தடுப்பு இருக்கிறதே என்பீர்கள். ஊருக்கு ஊர் குறுக்கே கடக்கிறவர்கள் இல்லையா? பரங்கிப்பேட்டைக்கும் பிச்சாவரத்துக்கும் திரும்பினால் அங்கே எந்தத் தடுப்பு?

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகும். கண் கூசி, மீண்டும் பார்வை தெளிய 3 விநாடி என்று வைத்தால் 50 மீட்டர். எதிரே வருகிறவர் 50 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார். கட்டிவிட்டது நீ. என் வயதுக்காரர்களுக்கு இன்னும் மோசம். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மங்கும், ஒளி அதற்குள் சிதறும், கூச்சம் தெளியவும் நேரமாகும். உன் அப்பாவே எதிரே வருகிற வண்டியில் இருந்தால் என்ன செய்வாய் என்று யோசித்துப் பார்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி என்ன கேட்கிறது? விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால், அந்தக் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் என்பது நிற்கிற மனிதரின் கண் உயரத்தை ஒட்டியது. சட்டம் எழுதியவர்கள் நடந்து போகிறவரையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். முன்பெல்லாம் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கறுப்புப் பொட்டைக் கேலி செய்தோம். அதற்குப் பின்னால் இருந்த நினைப்பு நல்ல நினைப்பு.

இனி எனக்கு வரப்போகிற பதில்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்.

"எல்லாரும் போடறாங்க சார்." பரீட்சையில் எல்லாரும் பார்த்து எழுதினால் அது சரியாகிவிடும் என்று நான் எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன்?

"எதிர்ல வர்றவன் ஹை பீம் போடறான், நானும் போடறேன்." இரண்டு குருடர்கள் நேருக்கு நேர் வந்தால் யாருக்கு லாபம்?

"ரேலி கார்ல எல்லாம் நாலு லைட், ஆறு லைட் இருக்கே." ரேலியில் நேரம் பார்த்து ஓட்டுகிற பாதையை மூடிவிடுவார்கள். எதிரே வண்டி வராது. சிதம்பரம் சாலையை உனக்காக யார் மூடினார்கள்?

"மார்கழிப் பனிக்குத்தான்." பனியில் மேல்நோக்கி அடிக்கிற வெளிச்சம் பனித்துளியில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வெள்ளைச் சுவர் எழும்பும். பனி விளக்கு என்றால் தாழ்வாக, அகலமாக, சாலையைத் தொட்டு விழ வேண்டும். கண்ணாடி மஞ்சளா வெள்ளையா என்பதைவிட எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதுதான் முக்கியம்.

"அழகுக்குத்தான் மாமா, எரிய விட மாட்டேன்." சந்தோஷம். ஒயரைக் கழற்றி, விளக்குக்கு உறை போட்டு வை. உன் அழகில் நான் தலையிட மாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்பவருக்கு முறையையும் சொல்கிறேன். பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். ரிலேயின் 30-ம் முனைக்குப் பேட்டரி ஒயர், 87-க்கு விளக்கு, 85-க்கு எர்த். 86-க்கு ஹை பீம் ஒயரிலிருந்து ஒரு மெல்லிய ஒயரை சுவிட்ச் வழியாகக் கொடுக்க வேண்டும். இந்த 86-தான் என் பதிவின் உயிர். ஹை பீமில் இணைத்தால், நீ டிம் அடித்த நொடியில் கூடுதல் விளக்கும் தானாக அணைந்துவிடும். இரண்டு கை வேலை வேண்டாம், மறதிக்கும் இடமில்லை. விளக்குக்கு எர்த் துருப்பிடித்த பம்பர் வழியாகப் போகக் கூடாது, தனி ஒயர் வேண்டும். பானெட் கவிழும் இடத்தில் ஒயருக்குத் தளர்வு விட்டு, ரப்பர் குழாய்க்குள் செலுத்த வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாடிக்குப் போவது பாசிட்டிவ். அதைப் பார்க்காமல் எல்.இ.டி. விளக்கை மாட்டினால் புகைதான் மிஞ்சும். இதெல்லாம் தெரிந்த பொறுமையான எலக்ட்ரீஷியன் கையில் வேலையைக் கொடுங்கள். கூலி கூடக் கேட்டால் கொடுங்கள்.

கார் இல்லாதவர்கள் சிரிக்க வேண்டாம். பைக்கின் ஹேண்டில் பாரில் எல்.இ.டி. மாட்டியிருக்கிற என் மாணவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் படங்களைப் பார்த்து எண்ணி வைத்திருக்கிறேன்.

ஆகவே எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பாடம். இன்று இருட்டிய பிறகு வண்டியைச் சமதரையில், சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டிம்மில் வைத்துப் பாருங்கள். பளிச்சென்ற வெளிச்சம் கோட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. மேலே ஏறினால் நாளைக் காலையிலேயே ஸ்குரூ டிரைவர் எடுங்கள். பிறகு வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரை அந்தச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்து, "கண் கூசுதா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் மதிப்பெண்.

யார் யார் செய்து பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். தம்பி மகன் முதலில் எழுதட்டும். அவன் எழுதிய பிறகு அந்தப் படத்துக்கு நானும் கட்டைவிரல் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்