கூட நடங்க சார்!

கேன்சர் என்று தெரிந்த மறுநாளே அந்த வீட்டில் ஒரு கட்டில் தயாராகிவிடும். 'எழுந்திரிக்காதீங்க', 'நாங்க பாத்துக்கறோம்', 'தண்ணியா? இதோ!' நேற்றுவரை மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் காய்கறி வாங்கி வந்த மனுஷரை ஒரே வாரத்தில் நிரந்தர நோயாளி ஆக்கிவிடுவோம். கேட்டால், பாசமாம்!

இந்தப் பாசத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா?

பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஓர் ஆய்வு. 2009-ல் ஆரம்பித்து, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடித்த 889 பேர். பாதிப் பேருக்கு உடம்பைப் பேணுவது பற்றிய புத்தகம் மட்டும் கொடுத்தார்கள். மீதிப் பேருக்குப் புத்தகத்தோடு ஒரு பயிற்சியாளரையும் கொடுத்தார்கள், மூன்று வருஷத்துக்கு. முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டாயச் சந்திப்பு. பயிற்சி ஒன்றும் பிரமாதமில்லை. வாரத்தில் மூன்று, நான்கு நாள் முக்கால் மணி நேரம் வேகநடை போடுவார்களே, ஏறக்குறைய அவ்வளவுதான்.

எட்டாவது வருஷம் உயிரோடு இருந்தவர்கள், புத்தகக் கோஷ்டியில் நூற்றுக்கு 83 பேர். பயிற்சிக் கோஷ்டியில் 90 பேர். வித்தியாசம் ஏழு உயிர்! இதையே ஒரு மாத்திரை செய்திருந்தால் பளபள டப்பாவில் போட்டு, ஐந்து இலக்கத்தில் விலை வைத்து விற்றிருப்பார்கள். நாமும் நகையை அடகு வைத்தாவது வாங்கியிருப்போம். நடைக்கு மெடிக்கல் ரெப் கிடையாதே!

'நாங்களும் நடக்கத்தானே சொல்றோம்' என்பார்கள் டாக்டர்கள். சொன்னால் போதாது சார். புத்தகக் கோஷ்டிக்கும்தான் சொன்னார்கள்! காப்பாற்றியது அட்வைஸ் அல்ல, விடாமல் கூட வந்த ஆள். ஆஸ்திரேலியப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2018-லேயே உடற்பயிற்சி சிகிச்சையின் வழக்கமான அங்கமாக வேண்டும் என்று அறிவித்துவிட்டது. இங்கே கீமோ பில்லோடு பிசியோதெரபிஸ்ட் பெயரையும் எழுதித் தரும் ஆஸ்பத்திரிகள் எத்தனை? அந்தச் செலவை ஏற்க எந்த இன்ஷூரன்ஸ் முன்வரும்?

நடை கீமோவுக்கு மாற்று அல்ல. எல்லாக் கேன்சருக்கும் இதே கணக்கு என்றும் சொல்லவில்லை. எலும்புக்குப் பரவியவர்கள், ரத்த அணுக்கள் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. ஆனால், கேட்கவாவது செய்யுங்கள்.

அடுத்த முறை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நோயாளியைப் பார்க்கப் போகிறீர்களா? பாட்டிலைக் கொடுத்துவிட்டு, 'வாங்கண்ணே, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்' என்று கூப்பிடுங்கள். பாசம் என்றால் அதுதான் பாசம்!