கல்லாச் சாவியும் கணினிச் சாவியும்

கல்லாப்பெட்டிச் சாவியை நம் வணிகர்கள் யாரிடமும் எளிதில் கொடுப்பதில்லை. எடை போடும் பையனுக்குக் கிடங்குச் சாவி கிடையாது. கிடங்கைப் பார்ப்பவருக்குக் கல்லாச் சாவி கிடையாது. ஆனால் கணக்கு கணினிக்கு மாறிய பின், பல கடைகளில் ஒரே கடவுச்சொல்லை முதலாளி, கணக்குப்பிள்ளை, பில் போடுபவர் என எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பழக்கத்தை உடனே கைவிட வேண்டும் என்பதே நமது கருத்து.

முன்பு கணக்கு மென்பொருள் கடைக்குள்ளேயே இருந்தது. இன்று ஆர்டர் எடுக்கும் கைபேசிச் செயலி, இ-வே பில், ஜி.எஸ்.டி. தளம் ஆகியவற்றோடு அது இணைக்கப்படுகிறது. எந்தப் பயனரின் பெயரில் ஒரு செயலியை இணைக்கிறோமோ, அவர் பார்க்கக்கூடியதையெல்லாம் அச்செயலியும் பார்க்க வழி உண்டாகிறது. முதலாளி பெயரில் இணைத்தால் கொள்முதல் விலை, லாப விகிதம், யார் எவ்வளவு பாக்கி என்ற விவரம் அனைத்தும் திறந்துவிடும். சரக்கு இருப்பைக் காட்ட வந்த செயலிக்கு இவை எதற்கு? கொள்முதல் விலை வெளியே போனால் மளிகை வியாபாரத்தில் மிச்சம் என்ன?

அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவைப்பதும் தீர்வாகாது. இரண்டு கிடங்கு வைத்திருக்கும் மொத்த வியாபாரி ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால், சில மென்பொருள்கள் 'அனுமதி இல்லை' என்று சொல்வதில்லை. தெரிகிற இருப்பையே மொத்த இருப்பாகக் காட்டும். துவரம்பருப்பு 100 மூட்டை இருக்க, 40 என்று காட்டும். வந்த ஆர்டர் திரும்பிப் போகும்.

இதற்கான வசதிகள் நம் கையிலேயே உள்ளன. டாலி மென்பொருளில் ஆளுக்கு ஆள் தனி அனுமதி வகுக்கலாம். இ-வே பில் தளத்தில் துணைப் பயனர்களை உருவாக்கி, வேலையை விட்டுப் போனவரை முடக்கலாம். ஜி.எஸ்.டி. தளத்தில் வெளி மென்பொருளுக்குத் தரும் அனுமதிக்குக் கால வரம்பு உண்டு. அதிகபட்சம் 30 நாள். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் அனைவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. எனவே ஒரே பெயரில் பலர் நுழைவது நடைமுறையிலும் தொல்லைதான்.

"நம்பி வைத்த ஆட்களைச் சந்தேகிப்பதா?" என்று சிலர் கேட்கலாம். சந்தேகம் அல்ல. எல்லோரும் ஒரே பெயரில் நுழையும் கடையில் ஒரு பில் திருத்தப்பட்டால், யார் திருத்தியது என்று எப்படித் தெரியும்? பழி நாணயமான ஊழியர் தலையில் விழும். தனிப் பெயர் அவருக்கும் பாதுகாப்பே.

ஆகவே ஒவ்வொருவருக்கும், இணைக்கும் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பெயர் கொடுங்கள். வேலைக்கு வேண்டிய அளவே திறந்துவிடுங்கள். ஆள் விலகும் அன்றே அவர் அனுமதியையும் நீக்குங்கள். இணைத்த பின் இருப்புக் கணக்கைக் கிடங்கோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். இதற்குச் செலவில்லை, அரை நாள் கவனம் போதும்.