நாலு சக்கரமும் சுத்தும்... வண்டி நகராது!

ஃபோர் வீல் டிரைவ் வண்டி விளம்பரம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெள்ளை வெளேரென்று ஒரு மலை, ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு பாதை, பனியைப் புழுதி மாதிரி வாரி இறைத்துக்கொண்டு பாயும் ஒரு வண்டி. திரையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் ஒரு வரி வந்து போகும். ஓட்டுவது தொழில்முறை ஓட்டுநர், பாதை பொதுமக்களுக்கு மூடப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். அந்த வரியை யார் படிக்கிறார்கள்!

விளம்பரம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. சாதாரணக் கார் பனியில் மாட்டினால் பெரும்பாலும் தார் ரோட்டை விட்டு இறங்கிய நூறு அடியிலேயே மாட்டிவிடும். ஓட்டியவர் திட்டிக்கொண்டே நடந்து போய் உதவி கேட்கலாம். ஃபோர் வீல் டிரைவ் அப்படி விடாது. அது பத்து மைல் உள்ளே கொண்டுபோய், செல்போன் சிக்னல் செத்துப்போன இடத்தில், பொழுது சாயும் நேரத்தில்தான் கைவிடும். மாட்டிக்கொள்வதிலிருந்து அது காப்பாற்றுவதில்லை. மாட்டிக்கொள்ளும் இடத்தை இன்னும் உள்ளே தள்ளிவைக்கிறது, அவ்வளவுதான்.

பெயரிலேயே கொஞ்சம் ஏமாற்று இருக்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காகத்தான் இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு. அது இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் ஒரே அளவு விசையைத்தான் பிரித்துக் கொடுக்கும். ஒரு சக்கரம் ஐஸ் மேல் நின்றால் அதைச் சுழற்ற ஒன்றுமே தேவையில்லை. அந்த 'ஒன்றுமே இல்லை'தான் நல்ல தரையில் நிற்கும் இன்னொரு சக்கரத்துக்கும் கிடைக்கும். ஆக, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரம் பிடிப்பை இழந்தாலே பழைய பாணி ஃபோர் வீல் டிரைவ் படுத்துவிடும். டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதியுள்ள வண்டிகளில் நிலைமை பரவாயில்லை. புதிய வண்டிகளில் சும்மா சுழலும் சக்கரத்தைக் கம்ப்யூட்டரே பிரேக் போட்டுப் பிடித்து, விசையை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுகிறது. ஆனால் நாலு சக்கரமும் பனியில் இருந்தால் கம்ப்யூட்டர் எங்கே போய்ப் பிடிப்பைக் கொண்டுவரும்?

இன்னொன்று, நிற்பது. பத்து வருடப் பழைய சின்னக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. அந்த விஷயத்தில் ஃபோர் வீல் டிரைவுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, பிரேக் பிடித்தபின், காய்ந்த தார் ரோட்டில் 15 மீட்டருக்குள் நின்றுவிடும். இறுகிய பனியில் அதே வண்டிக்கு 50 மீட்டர்கூட ஆகலாம். கிளம்பும்போது ஜம்மென்று கிளம்புவதால் ஓட்டுபவருக்கு ரோடு வழுக்குகிறது என்பதே உறைப்பதில்லை. முதல் வளைவில்தான் உறைக்கும்.

2006 நவம்பரில் ஆரிகன் மாநிலத்தில் நடந்ததை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. ஜேம்ஸ் கிம், சீநெட் இணையதளத்தின் ஆசிரியர்களில் ஒருவர், வயது 35. டிஜிட்டல் மியூசிக் பிளேயர்களைப் பற்றி எழுதியும் வீடியோவில் பேசியும் இணையத்தில் பலருக்குத் தெரிந்த முகம். நன்றி நவிலல் விடுமுறை முடிந்து மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு நவம்பர் 25 அன்று போர்ட்லாண்டிலிருந்து தெற்கே கிளம்பினார். கடற்கரையில் கோல்ட் பீச் என்ற ஊருக்குப் போக வேண்டும். திரும்ப வேண்டிய நெடுஞ்சாலை தவறிப்போயிற்று. திரும்பி வருவதற்குப் பதிலாக, வரைபடத்தில் தெரிந்த இன்னொரு வழியில் போக முடிவு செய்தார்கள். அது பேர் கேம்ப் ரோடு. ரோக் நதிக்கு மேலே மலையைக் குறுக்கே வெட்டிப் போகும் ஒற்றைப் பாதை. குளிர்காலத்தில் அங்கே பனி வாருவதில்லை.

அவர்கள் வந்த வண்டி சாப் 9-2எக்ஸ். சுபாரு இம்ப்ரெஸாவை அடிப்படையாக வைத்துச் செய்தது, நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ளது. உயரம் ஏற ஏறப் பனி கூடியது. அகலம் போதாமல் வண்டியைப் பின்னோக்கியே இறக்கினார்கள். கீழே வந்து தாழ்வான பாதை என்று நம்பித் திரும்பியது மரம் வெட்டும் லாரிகளுக்காகப் போட்ட கிளைப்பாதை ஒன்றில். அதில் மைல்கணக்கில் ஓடி, நடுராத்திரிக்குப் பிறகு ஒரு பிரிவில் நிறுத்தினார்கள். விடிந்தபோது சுற்றிலும் பனி.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த வண்டி எங்கேயும் உறுமிப் புதைந்து மானத்தை வாங்கவில்லை. நன்றாகவே ஓடியது. அது நன்றாக ஓடியதுதான் அவர்களை அவ்வளவு தூரம் உள்ளே கொண்டுபோய்விட்டது. டயர் வழுக்கும் ஒரு ஓட்டைக் காராக இருந்திருந்தால் மலை அடிவாரத்திலேயே நின்றிருக்கும்.

ஒரு வாரம் வண்டிக்குள்ளேயே காத்திருந்தார்கள். பெட்ரோல் தீர்ந்ததும் டயர்களைக் கழற்றி எரித்தார்கள். டிசம்பர் 2 அன்று கிம் உதவி தேடி நடந்து போனார். டிசம்பர் 4 அன்று உள்ளூர் ஹெலிகாப்டர் பைலட் ஒருவர் மனைவியையும் குழந்தைகளையும் கண்டுபிடித்தார். மூவரும் உயிரோடு இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து கிம்மின் உடல் ஒரு ஓடைப் பள்ளத்தில் கிடைத்தது. குளிரில் பத்து மைலுக்கு மேல் நடந்திருந்தார். தேடும் இடத்தைச் சுருக்கிக் கொடுத்தது ஒரு செல்போன் நிறுவனத்தின் இரண்டு பொறியாளர்கள். குடும்பத்தின் போன் ஒரு கோபுரத்தை ஒரு கணம் தொட்டுவிட்டுப் போன தடயத்தை வைத்து, அந்த மலைப்பாதைதான் என்று அவர்களாகவே கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

அதன் பிறகு பழி போடும் படலம் ஆரம்பித்தது. வரைபடத்தின் மேல் பழி, எச்சரிக்கைப் பலகையின் மேல் பழி, தேடுதலின் குளறுபடி மேல் பழி. மகனை இழந்த தகப்பனார் வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதிய கட்டுரை பலரை உலுக்கியது. அந்தக் கிளைப்பாதையின் இரும்புக் கதவு பூட்டப்பட்டிருக்க வேண்டும், பூட்டப்படவில்லை. உள்ளே வேட்டைக்காரர்கள் யாராவது அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று தயங்கி ஊழியர்கள் திறந்தே விட்டுவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. ஒருத்தர் உள்ளே மாட்டக் கூடாது என்று திறந்து வைத்த கதவு, இன்னொரு குடும்பத்தை உள்ளே விட்டது. கேள்விகள் எல்லாமே நியாயமானவைதான். ஆனால் வண்டியைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை.

அதே மலைப்பகுதியில் 1994 இறுதியில் ஒரு விற்பனைப் பிரதிநிதி தன் பிக்கப் லாரியோடு பனியில் மாட்டிக்கொண்டார். வண்டியை விட்டு இறங்காமல் பல வாரம் காத்திருந்து, பட்டினியில் இறந்தார். அடுத்த வசந்தத்தில்தான் கண்டுபிடித்தார்கள். 'வண்டியை விட்டு நகராதே' என்பது பொதுவாக நல்ல அறிவுரைதான். மனிதனைவிடக் காரை வானத்திலிருந்து பார்ப்பது சுலபம். ஆனால் அந்த அறிவுரைக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. யாராவது தேட வேண்டும், எங்கே தேடுவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். எந்த வழியாகப் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று கிளம்புமுன் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது எந்த டிஃபரன்ஷியல் பூட்டையும்விடப் பெரிய பாதுகாப்பு. காசும் செலவில்லை. 2022 இறுதியிலிருந்து சில போன்களிலிருந்தே செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்ப முடிகிறது. ரொம்ப நல்ல விஷயம். ஆனால் அதையே நம்பி இன்னும் ஐந்து மைல் உள்ளே போகும் கூட்டமும் உருவாகாமலா இருக்கும்?

பனி என்றால் டிசம்பர், ஜனவரி என்று நினைப்பதும் தப்பு. கொலராடோவின் சான் ஹுவான் மலைகளில் இமோஜீன் கணவாய் 13,114 அடி உயரம். ஜூன் மாதம் கீழே ஊரே அரைக்கை சட்டையோடு திரியும், மேலே வடக்குச் சரிவின் நிழலில் பனித்திட்டு குறுக்கே கிடக்கும். பாதை முக்கால்வாசி காய்ந்திருக்கும், நடுவில் இருபது அடிதான் வெள்ளை. 'இருபது அடிதானே' என்று ஏற்றுவார்கள். காலையில் மேல்தோடு உறைந்து கல்லாக இருக்கும், வண்டி தாங்கும். மதியம் அதே இடம் களியாகிவிடும். போகும்போது தாங்கிய பனி வரும்போது தாங்காது. அதைவிட மோசம், மலைவிளிம்புப் பாதையில் கிடக்கும் திட்டு பள்ளத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். அதன் மேல் ஏறிய வண்டி முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது, பக்கவாட்டில் வழுக்கும். அந்தத் திசையில் எந்த எஞ்சினுக்கும் இழுவை கிடையாது. திட்டைச் சுற்றிப் புல்வெளியில் ஏற்றிப் போகும் புத்திசாலிகளும் உண்டு. அந்த உயரத்தில் செடி முளைப்பதற்கே வருடத்தில் சில வாரம்தான் கிடைக்கும், ஒரு டயர் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பழைய ஜீப் ஆசாமிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போவது இரண்டு சக்கரத்தில், நாலு சக்கரம் வெளியே வருவதற்கு. இரண்டு சக்கர இழுவையில் வண்டி திணறினால் அதுதான் எல்லைக்கல், நாலைப் போட்டுத் திரும்பிவிட வேண்டும். (பனியில் இதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்க முடியாது, ஏற்றத்தில் முதலிலிருந்தே நாலு தேவைப்படலாம் என்பது வேறு விஷயம்.) கையிருப்பை முதலிலேயே செலவழிக்காதே என்பதுதான் அதன் சாரம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பாட்டிமார் சொன்னதும் இதைத்தான். இன்றைய வண்டிகளில் வேண்டும்போது இழுவை தானாகவே நாலு சக்கரத்துக்கும் போய்விடுகிறது. எந்த நிமிஷத்தில் கையிருப்பில் கை வைத்தோம் என்று ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை. வசதி என்ற பெயரில் எடுத்துவிட்டது ஒரு எச்சரிக்கை மணியை.

மாட்டிக்கொள்வதும் விளையாட்டின் ஒரு பகுதிதானே என்று ஆஃப் ரோடு ரசிகர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். இரண்டு வண்டி, இரண்டு மண்வெட்டி, பகல் வெளிச்சம், ஒரு ஃபிளாஸ்க் காபி இருந்தால் அது விளையாட்டுதான், சிரித்துக்கொண்டே தோண்டலாம். :-) தனி வண்டி, சாயங்காலம், பின் சீட்டில் குழந்தை என்றால் அதற்குப் பெயர் வேறு. தேடி வரும் மீட்புக் குழுவில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அவர்கள் ஆளை மீட்பார்கள், வண்டியை அல்ல. பராமரிப்பு இல்லாத பாதையில் கிடக்கும் வண்டியை எடுக்கச் சாதாரண டோ லாரி வராது, வருகிறவர் கேட்கும் தொகையைக் கொடுத்தே ஆகவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து படிக்கப் போய், வாழ்க்கையில் முதல் பனியைப் பார்த்த அதே மாதம் பழைய ஆல் வீல் டிரைவ் ஒன்றை வாங்கி மலையேறத் துடிக்கும் மாணவர்கள் இதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்வது நல்லது.

மாட்டியபின் செய்யும் முதல் தப்பு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது. சுழலும் டயர் தனக்குக் கீழே பனியை உருக்கி, மெருகேற்றி, ஐஸ் குழியாக மாற்றிவிடும். அதோடு வண்டியின் வயிறு பனிமேட்டில் உட்கார்ந்துவிடும். வயிறு தரை தொட்டுவிட்டால் எடை டயரில் இருக்காது, எடை இல்லாத டயருக்குப் பிடிப்பும் இருக்காது. சுபாரு அவுட்பேக் மாதிரி வண்டிக்குத் தரையிலிருந்து இடைவெளி 22 செ.மீ. அதற்கு மேல் ஆழமான பனியில் அது வண்டி இல்லை, படகு. அப்போது செய்ய வேண்டிய வேலை வயிற்றுக்கு அடியில் படுத்துத் தோண்டுவது. பிறகு நாலு டயருக்கு முன்னாலும் பின்னாலும் பாதை வெட்ட வேண்டும். டயரில் காற்றை 15 பவுண்டுக்கு இறக்கினால் தரையைத் தொடும் பரப்பு கூடும். முன்னால் போக முயலக் கூடாது, வந்த தடத்திலேயே பின்னால்தான் வர வேண்டும். முன்னால் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது, பின்னால் வண்டி ஏற்கெனவே வந்த பாதை. இன்னொரு வண்டி இழுக்க வந்தால் டிரெயிலர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டக் கூடாது. அது பிய்த்துக்கொண்டு பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

இரவு தங்க நேர்ந்தால் எஞ்சினை விட்டு விட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இறங்கிப் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளிவிட வேண்டும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலைச் சாலையில் பனிப்புயலில் சிக்கிய கார்களுக்குள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் காட்டுக்குள் வழி தவறிப் போனவர்கள் இல்லை, சுற்றுலாத் தலத்துக்குப் போகும் தார் ரோட்டில், முன்னும் பின்னும் வண்டிகள் நின்ற வரிசையில் இருந்தவர்கள். பலரைக் கொன்றது குளிர் இல்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கியபோது உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடு என்று கருதப்படுகிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.