கவர்ன்மென்ட் படிக்கிற பையன்

'பையன் என்ன பண்றான்?' என்று கேட்டால், 'கவர்ன்மென்ட்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும் அப்பாக்களை நமக்குத் தெரியும். அடுத்த நிமிஷம் ஜாதகம் கை மாறும். அமெரிக்காவில் ஒரு காலேஜ் பையன் அதே பதிலைச் சொன்னால் யாரும் ஜாதகம் கேட்கமாட்டார்கள். அங்கே கவர்ன்மென்ட் என்பது பாடம். நாம் அரசியல் விஞ்ஞானம் என்று சொல்லி, பி.காம். சீட் கிடைக்காதவர்கள் தலையில் கட்டுகிறோமே, அதுவேதான். ஹார்வர்டில்கூட டிபார்ட்மென்ட்டின் பெயர் இதுதான். (பி.காம். படித்தவனின் திமிர். பொறுத்துக்கொள்ளவும்.)

இந்த கவர்ன்மென்ட்டையும் ஹிஸ்டரியையும் சேர்த்துச் சொல்லித் தருகிற கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் அங்கே நிறைய. ஓஹையோ மாநிலத்தில் 1887-ல் ஆரம்பித்த சீடர்வில் அதில் ஒன்று. டி.வி. பிரசங்கியார் பாட் ராபர்ட்ஸன் 1977-ல் வர்ஜீனியாவில் ஆரம்பித்த ரீஜண்ட் இன்னொன்று. இதெல்லாம் பேருக்குக் கிறிஸ்தவம் இல்லை. சீடர்வில்லில் கணக்குப் படித்தாலும் சரி, நர்சிங் படித்தாலும் சரி, பைபிள் பாடம் உண்டு. சேப்பலுக்குப் போகவேண்டும். வாத்தியார்கள் 'இன்னின்னதை நம்புகிறேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சாக்பீஸைத் தொடமுடியும்.

சரி, ஹிஸ்டரி பரீட்சையில் 'ரோம் நகரம் ஏன் விழுந்தது?' என்று கேட்டால் 'கடவுள் சித்தம்' என்று ரெண்டே வார்த்தை எழுதிவிட்டு மாட்னி ஷோவுக்குப் போய்விடலாமா?

முடியாது. முடியாது என்று முதலில் சொன்னவரே ஒரு பிஷப்தான். கி.பி. 410-ல் ரோம் சூறையாடப்பட்டது. பழைய தெய்வங்களைக் கைவிட்டதுதான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. அகஸ்டின் உட்கார்ந்து 'கடவுளின் நகரம்' என்று 22 பாகம் எழுதினார். ஒரு ராஜ்யம் ஜெயித்தால் ஆண்டவன் அதன் கட்சி, தோற்றால் எதிர்க்கட்சி என்று கணக்குப் போடாதீர்கள் என்பது அதில் ஒரு முக்கியமான வாதம். இந்த மாதிரி கல்லூரிகளில் அரசியல் தத்துவம் எடுத்தவன் அகஸ்டினைத் தாண்டாமல் டிகிரி வாங்குவது கஷ்டம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் இன்னும் சங்கடமான பாடம். இரண்டு தரப்பும் ஒரே பைபிளைப் படித்து, ஒரே கடவுளிடம் ஒருவருக்கு எதிராக ஒருவர் வேண்டிக்கொள்கிறார்கள் என்று லிங்கன் 1865-ல், இரண்டாம் முறை பதவி ஏற்றபோது, மேடையிலேயே சொன்னார். அடிமை வைத்திருந்தவனும் வசனம் காட்டினான், அடிமையை விடுவிக்கச் சொன்னவனும் வசனம் காட்டினான். இதைப் பற்றி 2006-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதிய மார்க் நோல் யார் தெரியுமா? வீட்டன் என்கிற, பக்தியில் பழுத்த கல்லூரியில் பல வருஷம் ஹிஸ்டரி நடத்தியவர். சொந்த வீட்டு அழுக்கை சொந்தப் பிள்ளையே கூட்டியிருக்கிறார்.

எல்லா இடத்திலும் துடைப்பத்தை எடுக்க விடுவதில்லை. வர்ஜீனியாவில் பாட்ரிக் ஹென்றி கல்லூரி என்று ஒன்று. 2000-ல் ஆரம்பித்தது. வீட்டிலேயே அம்மாவிடம் படித்த பிள்ளைகளை வாஷிங்டனுக்குத் தயார் செய்வது அதன் லட்சியம். பையன்கள் பலே ஆசாமிகள், மாதிரி நீதிமன்றப் போட்டியில் ஆக்ஸ்ஃபோர்டையே தோற்கடித்தவர்கள். அங்கே 2006-ல், பைபிளுக்கு வெளியேயிருந்தும் உண்மை கிடைக்கும் என்று எந்த அளவுக்குச் சொல்லித் தரலாம் என்பதில் தகராறு. இருந்ததே பதினாறு முழுநேர வாத்தியார்கள். ஐந்து பேர் போய்விட்டார்கள். நம் ஆபீஸில் மூன்றில் ஒரு பங்கு ஆள் ஒரே வருஷத்தில் பேப்பர் போட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

இப்போது க்ரோவ் சிட்டி. பென்சில்வேனியாவில் 1876-ல் ஆரம்பித்த கல்லூரி. 'அரசாங்கப் பணம் வேண்டாம், அதோடு வருகிற ஃபாரமும் வேண்டாம்' என்று சொன்ன ஆசாமிகள். ஆண், பெண் பேதம் காட்டமாட்டோம் என்று ஒரு உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்டார்கள். பேதம் காட்டியதாக யாரும் புகார் சொல்லவில்லை. ஆனாலும் போடமாட்டேன் என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 'உன் மாணவன் அரசாங்க உதவித்தொகை வாங்கினால் நீ வாங்கின மாதிரிதான். ஆனால் சட்டம் உன் உதவித்தொகைப் பிரிவோடு சரி' என்று 1984-ல் தீர்ப்பு. முழுக் கல்லூரியையும் சட்டத்துக்குள் இழுக்க 1988-ல் காங்கிரஸ் புதுச் சட்டம் கொண்டுவந்தது. ரீகன் வீட்டோ செய்தார், அதையும் மீறி நிறைவேறியது. க்ரோவ் சிட்டியோ உதவித்தொகையே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டது. அங்கே கவர்ன்மென்ட் படிக்கிற பையனுக்கு லைப்ரரி வேண்டாம், காம்பஸே கேஸ் கட்டு.

அரசாங்கப் பணம் வேண்டாம் என்றால் யார் பணம்? பக்தியுள்ள அப்பா அம்மா கட்டுகிற ஃபீஸ், பக்தியுள்ள பணக்காரர்கள் தருகிற நன்கொடை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2012-ல் டேவிட் பார்ட்டன் என்பவர் ஜெஃபர்ஸனைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். பெயர் 'ஜெஃபர்ஸன் லைஸ்'. பிரபல கிறிஸ்தவப் பதிப்பகமான தாமஸ் நெல்சன் வெளியீடு. சுடச்சுட விற்றது. ஜெஃபர்ஸன் நல்லவர், வல்லவர், அடிமைகளை விடுவிக்க ஆசைதான், பாவம், வர்ஜீனியா சட்டம் குறுக்கே நின்றது என்பது அதில் ஒரு வாதம். பக்திமான்கள் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளத் தோதான சரக்கு.

க்ரோவ் சிட்டியில் இரண்டு பேராசிரியர்கள். வாரன் த்ராக்மார்ட்டன் சைக்காலஜி, மைக்கேல் கூல்டர் அரசியல். நான் பி.காமில் படித்த ஆடிட்டிங்கை அவர்கள் படிக்காமலே செய்தார்கள். புத்தகத்தில் இருந்த எண்ட்ரிக்கு வவுச்சர் எங்கே என்று தேடிப் போனார்கள். 1782-ம் வருஷத்து வர்ஜீனியா சட்டத்தைப் பார்ட்டன் மேற்கோள் காட்டியிருந்தார். உயிலில் எழுதி வைத்து அடிமையை விடுவிக்கலாம் என்கிற பகுதி இருக்கிறது. நடுவில் சில வார்த்தைகள் இல்லை. மூலத்தை எடுத்துப் பார்த்தால், உயில் மட்டுமில்லை, உயிரோடு இருக்கும்போதே வேறு பத்திரம் எழுதியும் விடுவிக்கலாம் என்று சட்டம் பளிச்சென்று சொல்கிறது. காணாமல் போனது அந்த வார்த்தைகள்தான்!

அப்படிப் பத்திரம் எழுதியவர்களும் இருந்தார்கள். அதே வர்ஜீனியாவில் ராபர்ட் கார்ட்டர் என்கிற பெரிய நிலச்சுவான்தார் 1791-ல் எழுதிய பத்திரத்தில் 450-க்கும் மேற்பட்டவர்களுக்கு விடுதலை. ஜெஃபர்ஸன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளுக்குச் சொந்தக்காரர். உயிரோடு இருந்தபோது விடுவித்தது இரண்டு பேரை. உயிலில் ஐந்து பேரை. 1806-ல் சட்டம் இறுகியது வாஸ்தவம்தான். அதற்கு முன்னால் இருபத்திநாலு வருஷம் கதவு திறந்தே கிடந்தது.

இருவரும் பதிலுக்கு ஒரு புத்தகம் போட்டார்கள். எதிர்க்கட்சி ஆசாமிகள் எழுதியிருந்தால் 'கடவுள் நம்பிக்கை இல்லாதவன் அப்படித்தான் சொல்வான்' என்று ஒதுக்கிவிடலாம். இவர்கள் சொந்த ஜனம். பார்ட்டனை வாசிக்கிறவர்களின் பிள்ளைகள்தான் அவர்களுடைய வகுப்பில் உட்காரக்கூடியவர்கள். இன்னொரு பக்கம், பத்து கிறிஸ்தவப் பேராசிரியர்களிடம் பார்ட்டனின் நூல்களைக் கொடுத்து அபிப்ராயம் கேட்டார் ஒருவர், அவரும் அதே முகாம். நல்ல மார்க் வரவில்லை. 2012 ஆகஸ்டில் தாமஸ் நெல்சன் கடைகளிலிருந்து புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. விற்றுக்கொண்டிருந்த புத்தகத்தை ஒரு பதிப்பகம் தானே வாபஸ் வாங்குவதை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

பார்ட்டன் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. 2016-ல் வேறு பதிப்பகம் மூலமாக அதே புத்தகம் மறுபடி வந்தது. த்ராக்மார்ட்டனும் கூல்டரும் 2023-ல் தங்கள் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு போட்டார்கள்.