இருபதாம் தேதியைக் காணவில்லை

அரியலூர் மாவட்டத்தை ஒருமுறை அழித்துவிட்டு, பிறகு மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31-இல் பழையபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் தனி மாவட்டம். 2002-இல் போனது மாவட்டம் என்ற தலைப்புதான். அரியலூர், உடையார்பாளையம், செந்துறை வட்டங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சிட்டாவும் அடங்கலும் எங்கேயும் போகவில்லை. அதனால்தான் ஐந்தாண்டு கழித்துத் தலைப்பைத் திரும்ப மாட்ட முடிந்தது.

கம்ப்யூட்டர் காலண்டரில் ஏதாவது தொலைந்துவிட்டது என்று யாராவது பதறினால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். போனது தலைப்பா, உள்ளே இருந்த சரக்கா?

பெரம்பலூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். அங்கே தண்டர்பேர்டில்தான் மெயில் பார்க்கிறார்கள். 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து அதிலேயே காலண்டரும் சேர்ந்து வருகிறது. உதவியாளராக இருக்கும் பெண் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டிருந்தார். 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்டுவது, 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. இந்தத் தேதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மதிப்பெல்லாம் 20-ஆம் தேதிக்குக் கீழே இருந்த குறிப்புப் பெட்டியில். சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஓட்டும் லாரிக்காரர் பில்லை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார், உரக்கடைக்காரருக்கு இரண்டு நாள் முன்னாலேயே போன் போட வேண்டும், ஹார்டுவேர் கடையில் அப்பாவிடம் பேசக் கூடாது, மகனிடம்தான் பேச வேண்டும் என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வரி. 3பி ஒரு நாள் தாமதமானாலும் 50 ரூபாய் தண்டம், வரி பாக்கி இருந்தால் 18 சதவீத வட்டி வேறு. அந்தப் பெட்டிக்கு அவ்வளவு விலை.

ஒரு மாதம் கடைசித் தேதியை அரசு நீட்டித்தது. அந்த மாதத்து 20-ஐ மட்டும் எடுத்துவிடலாம் என்று அழித்திருக்கிறார். இந்த ஒரு முறையை மட்டுமா, எல்லாவற்றையுமா என்று மென்பொருள் கேட்டிருக்கிறது. கை எல்லாவற்றையும் என்பதில் பட்டுவிட்டது.

"ஒரு மாசத்தைத்தான் சார் எடுத்தேன். மொத்தமும் போயிடுச்சு."

"அழிச்சதுக்கு அப்புறம் தண்டர்பேர்டை மூடினியாம்மா?"

"ஆமா சார். மூடித் திறந்தா வந்துடும்னு நினைச்சேன். அப்புறம் கம்ப்யூட்டரையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன்."

நம் ஊரில் டிவி முதல் தண்ணீர் மோட்டார் வரை எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வைத்தியம்தான். இங்கே அதுவே வினையானது. மூடாமல் இருந்திருந்தால் கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தியதும் போனது அப்படியே திரும்பியிருக்கும். மூடியதும் அந்த ஞாபகம் மென்பொருளுக்குப் போய்விடும்.

உண்மையிலேயே அழிந்ததா என்று உறுதி செய்துகொள்ளாமல் வேறு எதிலும் கை வைக்கக் கூடாது. இடப்பக்கப் பட்டியலில் காலண்டரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் அதன் நிகழ்வுகள் எல்லாம் கண்ணிலிருந்து மறையும். டிக் போட்டால் வந்துவிடும். இணையத்தில் இருக்கும் காலண்டரைப் பட்டியலிலிருந்து நீக்கினாலும் சரக்கு சர்வரில் பத்திரமாக இருக்கும்; திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். இதெல்லாம் 2002 அரியலூர்க் கதை. இவர் அலுவலகத்துக் காலண்டரோ அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருப்பது. அதில் அழித்தால் சிட்டாவோடு சேர்த்து அழித்த கணக்கு.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். யாரோ அனுப்பிய லாட்டரி மோசடி மெயிலை அழித்தால்கூட அது குப்பைத்தொட்டிக்குப் போய் நம் மனமாற்றத்துக்காகக் காத்திருக்கிறது. அடுத்த மாதம் செய்ய வேண்டிய வேலையை அழித்தால் தண்டர்பேர்டில் அதற்குத் தொட்டியே கிடையாது. அவுட்லுக் இதில் எவ்வளவோ மேல். அழித்த சந்திப்பு அழித்த மெயில்களோடு சேர்ந்து கிடக்கும், இழுத்துக் காலண்டரில் போட்டுக்கொள்ளலாம். அங்கிருந்தும் துடைத்துவிட்டாலும், நிறுவனக் கணக்காக இருந்தால் சர்வரில் வழக்கமாக 14 நாள் எடுத்து வைத்திருப்பார்கள். நிர்வாகி நினைத்தால் 30 நாள் வரை நீட்டலாம். கூகுள் காலண்டரும் ஏறக்குறைய 30 நாள் தன் தொட்டியில் வைத்திருக்கும். ஆனால் அந்தத் தொட்டியைக் கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகப் போய்த்தான் பார்க்க முடியும், போனில் தேடிப் பயனில்லை. கூகுள் காலண்டரைத் தண்டர்பேர்டில் இணைத்திருப்பவர்களும் அங்கேதான் போய்ப் பார்க்க வேண்டும். தண்டர்பேர்டில் அழித்தது அடுத்த ஒத்திசைவில் சர்வரிலும் போனிலும் அழிந்துவிடும். நாலு இடத்தில் தெரிகிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

தண்டர்பேர்டின் கோப்புறைக்குள் கேலண்டர்-டேட்டா என்று ஓர் அடைவு இருக்கிறது. உள்ளூர்க் காலண்டர் முழுவதும் அதிலுள்ள லோக்கல்.எஸ்கியூலைட் என்ற ஒரே கோப்பில்தான். பக்கத்திலேயே டெலிட்டட்.எஸ்கியூலைட் என்று இன்னொன்று. அந்தப் பெயரைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. திறந்து பார்த்தால் அழித்த நிகழ்வின் அடையாள எண், எந்தக் காலண்டர், எப்போது அழித்தது, அவ்வளவுதான். என்ன அழிந்தது என்பது அதில் இல்லை. சரி, காசு கொடுத்து மீட்பு மென்பொருள் வாங்கலாமா என்று ஆடிட்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் அழித்த வரிகள் சில நேரம் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது நிஜம்தான். ஆனால் தண்டர்பேர்டின் பின்னால் இருக்கும் மொசில்லா தன் மென்பொருளுக்கு எஸ்கியூலைட்டைக் கட்டும்போதே, அழித்த இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பும்படி செய்து வைத்திருக்கிறது. தனியுரிமைக்கு நல்லது, நமக்கு அன்றைக்கு நல்லதாக இல்லை.

இனி வழி பழைய பிரதி ஒன்றுதான். அலுவலகத்தில் போன வருஷம் கம்ப்யூட்டர் மாற்றியிருந்தார்கள். பழையது ஒரு மூலையில், வருமானவரிக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. ஆடிட்டருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. அந்தக் குணத்தை அவர் வீட்டில் எவ்வளவு திட்டினாலும் அன்று அது காப்பாற்றியது. பழையதைத் திறந்து, தண்டர்பேர்டிலிருந்து காலண்டரை ஐசிஎஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து, பென் டிரைவில் கொண்டுவந்து, புதியதில் 20-ஆம் தேதி நிகழ்வை மட்டும் இறக்குமதி செய்தோம். பழைய லோக்கல்.எஸ்கியூலைட்டைத் தூக்கி அப்படியே புதியதன் மேல் போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டால் இடைப்பட்ட வருஷத்தில் சேர்ந்த மற்ற எல்லாமும் போய்விடும். அந்த வருஷத்தில் வந்த வாடிக்கையாளர்களின் குறிப்பு பழைய கம்ப்யூட்டரில் இல்லைதான். அனுப்பிய மெயில்களைத் தேடியும், வாட்ஸ்அப்பைப் புரட்டியும், இரண்டு பேருக்குப் போன் போட்டுக் கேட்டும் அந்தப் பெண் அதைத் தேற்றினார். அடுத்தவர்களோடு சேர்ந்த கூட்டமாக இருந்தால் இன்னும் சுலபம்: அழைப்பு மெயில் பெட்டியில் இருந்தால் அதிலிருந்தே மறுபடி ஏற்றுக்கொள்ளலாம், இல்லையென்றால் இன்னொருவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஐசிஎஸ் கோப்பை நோட்பேடில் திறந்து காட்டினேன். வெறும் எழுத்துதான். ஆடிட்டர் வெள்ளிதோறும் சிறுவாச்சூர் போவதும் அதில் ஒரு நிகழ்வு. மதுரகாளியம்மன் கோயிலைத் திங்களும் வெள்ளியும்தான் திறப்பது வழக்கம். அவர் போகாத ஒரு வெள்ளியை அந்தப் பெண் முன்பொரு நாள் சரியாக, ஒன்றை மட்டும், அழித்திருக்கிறார். கோப்பில் அதனால் எதுவும் குறையவில்லை. இந்தத் தேதி விலக்கு என்று ஒரு வரி கூடியிருந்தது. தொடரில் ஒன்றை அழித்தால் எழுதிச் சேர்க்கிறது, எல்லாவற்றையும் அழித்தால்தான் நிஜமாகவே அழிக்கிறது.

இப்போது மாதந்தோறும் 21-ஆம் தேதி அந்தப் பெண் காலண்டரை ஐசிஎஸ் ஆக்கி அலுவலக மெயிலுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுகிறார். அதைச் செய்யச் சொல்லி 21-ஆம் தேதியில் ஒரு நினைவூட்டலும் போட்டிருக்கிறார், அதே காலண்டரில். ஆடிட்டருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அந்தக் கோப்பைப் பிரிண்ட் எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எடுத்து, பஞ்ச் அடித்து, ஃபைலில் போட்டு, அதே மூலையில் கட்டுகளுக்கு மேல் வைத்துவிட்டார்.